சின்னம்மாவின் தொப்புளில் ஓர் ஊதா நூல்

பித்தப்பையை எடுத்து முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது. குளித்துவிட்டு வந்து தொப்புளைத் துடைத்த சின்னம்மாவின் விரலில் ஏதோ நெருடியது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், உள்ளேயிருந்து ஊதா நிறத்தில் ஒரு நூல் எட்டிப் பார்க்கிறது. ஓர் அரிசி நீளம்தான். இழுத்துப் பார்த்தார். சுருக்கென்றது, வரவில்லை. உடனே இங்கே மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து எனக்குப் போன்: "தையலே போடல, பசைதான் வச்சிருக்கோம்னு சொன்னாங்களேடா. அப்போ இந்த நூல் எங்கேருந்து வந்துச்சு?"

நல்ல கேள்வி. நான் டாக்டர் இல்லை, பள்ளியில் உயிரியல் நடத்துபவன். ஆனாலும் குடும்பத்தில் யாருக்கு எதை அறுத்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். வழக்கமாக "டாக்டரையே கேட்டுடுங்க" என்று நழுவிவிடுவேன். இந்த முறை நழுவ முடியவில்லை. தைப்பூசத்துக்கு நான்கு வாரம்கூட இல்லை. பத்தொன்பது வருஷமாக விடாமல் காவடி எடுப்பவர் சின்னம்மா. அவர் கேட்ட கேள்வி நூலைப் பற்றியது. கேட்காத கேள்வி காவடியைப் பற்றியது.

வயிற்றில் மொத்தம் நான்கு துளை போட்டிருந்தார்கள். மற்ற மூன்றும் பத்தே நாளில் காய்ந்து, எங்கே இருந்தன என்று தேட வேண்டிய அளவுக்கு ஆறிவிட்டன. தொப்புள் மட்டும் ஐந்தாம் நாள் ஈரம், ஒன்பதாம் நாள் நாற்றம், முப்பத்தோராம் நாள் நூல் என்று தவணை முறையில் தொல்லை கொடுத்தது. அறுத்த கை ஒன்றுதான், உடம்பும் ஒன்றுதான். தொப்புளுக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு?

தொப்புள், உந்தி, நாபி, கொப்பூழ் என்று தமிழில் அதற்குப் பெயருக்குக் குறைவில்லை. இங்கே மொரீஷியஸ் கிரியோல் மொழியில் அதன் பெயர் லோன்ப்ரி. சொந்த ஊரைச் சொல்லும்போது "என் லோன்ப்ரி புதைத்த இடம்" என்பார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் நம்மைத் தொப்புள்கொடி உறவு என்கிறார்கள். இவ்வளவு பெருமை இருந்தாலும், உடற்கூறு தெரிந்தவரிடம் கேட்டால் அது ஓர் உறுப்பே இல்லை என்பார். அது ஒரு தழும்பு. நம் எல்லோருக்கும் வாழ்க்கையில் கிடைத்த முதல் தழும்பு.

கருவில் இருக்கும்போது தொப்புள்கொடிக்குள் மூன்று ரத்தக்குழாய்கள் ஓடின. ஆக்சிஜனும் சத்தும் கொண்டுவந்த சிரை ஒன்று, கழிவைத் திருப்பி அனுப்பிய தமனிகள் இரண்டு. அவை உள்ளே நுழைவதற்காக வயிற்றுச்சுவரின் நட்டநடுவில் ஒரு வளையம் திறந்தே இருந்தது. பிறந்ததும் கொடியைக் கட்டி அறுத்தார்கள். மிச்சத் துண்டு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்தது. பிறகு அந்த வளையம் சுருங்கி, நார் நாராகப் பின்னி மூடிக்கொண்டது. உள்ளே ஓடிய குழாய்களும் வற்றிக் கயிறாகிவிட்டன. சிரையின் மிச்சம் ஈரல்வரை போகிறது. தமனிகளின் மிச்சம் இரண்டும் அடிவயிற்றை நோக்கி இறங்குகின்றன. சிறுநீர்ப்பையின் உச்சியிலிருந்து தொப்புளுக்கு வந்த இன்னொரு குழாயும் அப்படியே தூர்ந்துபோய் நாராகக் கிடக்கிறது. தொப்புளுக்குப் பின்னால் 72,000 நரம்புகள் கூடுகின்றன, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் கண் முதல் முழங்கால்வரை சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதை அனுப்புபவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: அங்கே இருந்த குழாய்களெல்லாம் நீங்கள் பிறந்த மாதத்திலேயே மூடிவிட்டன.

சரி, மூடிய கதவை மருத்துவர்கள் ஏன் மறுபடி தட்டுகிறார்கள்?

வயிற்றில் வேறு எங்கே ஊசியை இறக்கினாலும் முதலில் தோல், பிறகு கொழுப்பு, பிறகு வெள்ளையான, விறைப்பான நார்ச்சவ்வு, தசை, மறுபடி கொஞ்சம் கொழுப்பு, கடைசியில் வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை என்று அடுக்கடுக்காகக் கடக்க வேண்டும். தொப்புளின் அடியில் இத்தனை அடுக்கு கிடையாது. தோல் நேராக நார்ச்சவ்வோடு ஒட்டிக்கிடக்கிறது, அதன் பின்பக்கமே உறை. உடம்பு எவ்வளவு பருத்தாலும் இந்த இடத்தில் மட்டும் கொழுப்பு புகுந்து தோலைத் தூக்க முடிவதில்லை. பருமனானவர்களின் தொப்புள் ஆழமாக இருப்பது இதனால்தான். இலவம்பஞ்சு மெத்தையில் குத்துத் தையல் போட்ட இடம் மட்டும் பள்ளமாகவும் சுற்றிலும் மேடாகவும் இருக்குமல்லவா, அதே கதைதான். ஆக, வயிற்றுக்குள் போக ஆகக் குறுகிய வழி தொப்புள். தழும்பு பள்ளத்துக்குள் மறைந்துபோகும் என்பது கூடுதல் லாபம்.

குறுகிய வழி என்றால் ஆபத்து இல்லாத வழி என்று அர்த்தமில்லை. இதயத்திலிருந்து இறங்கிவரும் பெருந்தமனி முதுகெலும்பை ஒட்டி வந்து, ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது. ஒல்லியான உடம்பில், படுத்திருக்கும்போது, தோலுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான் இருக்கும். அதனால் வயிற்றுச்சுவரை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஊசியை இறக்குகிறார்கள். அந்த ஊசியும் சாமர்த்தியமானது. வெளியே கூர்மையான குழல். உள்ளே ஸ்பிரிங்கில் நிற்கும் மழுங்கிய கம்பி. கெட்டியான சவ்வை அழுத்தும்போது கம்பி பின்வாங்கி, கூர்முனை வேலை செய்கிறது. சவ்வைத் தாண்டிக் காலியான இடத்துக்கு வந்த அந்தக் கணமே கம்பி முன்னால் பாய்ந்து கூர்முனையை மறைத்துவிடும், குடலைக் குத்தாது. ஹங்கேரி மருத்துவர் வெரெஸ் 1930-களில் இதை வயிற்றுக்காகச் செய்யவில்லை. காசநோய் வந்த நுரையீரலைச் சுருங்கவைப்பதற்காக மார்புக்குள் காற்று ஏற்ற அவருக்கு இது தேவைப்பட்டது. இன்றும் அவர் பெயரில்தான் இந்த ஊசி இருக்கிறது. கண் காணாமல் ஊசி இறக்குவதே வேண்டாம், சின்னதாகக் கீறி, கண்ணால் பார்த்துக்கொண்டே குழாயை வைப்போம் என்ற இன்னொரு முறையை 1971-இல் ஹாசன் என்ற மருத்துவர் கொண்டுவந்தார். இரண்டும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன.

வழி கிடைத்ததும் கார்பன் டை ஆக்சைடை ஏற்றி வயிற்றைக் கூடாரம்போல் உப்பவைப்பார்கள். மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும்போது தீப்பிடிக்காத வாயு அது. ரத்தத்தில் எளிதாகக் கரைந்து மூச்சோடு வெளியே போயும்விடும். முதல் இரண்டு மூன்று நாள் சின்னம்மா "வயித்துல அறுத்தா தோள்பட்டை ஏன்டா வலிக்குது" என்று புலம்பியதும் இதனால்தான். மிச்ச வாயு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. மூளை குழம்பி, வலி தோளில் என்று கணக்கு எழுதிவிடுகிறது.

தொப்புளுக்கு வருவோம். பித்தப்பை ஆபரேஷனில் பக்கவாட்டுத் துளைகள் வழக்கமாக 5 மி.மீ. கேமரா போகும் தொப்புள் துளை 10 முதல் 12 மி.மீ. அறுத்தெடுத்த பித்தப்பையைப் பல சமயம் இந்த வழியாகவே ஒரு சின்னப் பையில் போட்டு உருவி எடுக்கிறார்கள். கல் பெரிதாக இருந்தால் துளையைக் கொஞ்சம் விரிக்கவும் வேண்டியிருக்கும். சின்னம்மாவின் கற்களை ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காபி வருவதற்கு முன்னால் அந்தக் குப்பி வந்துவிடும். கொண்டைக்கடலை அளவில் ஏழு கல், பழுப்பாக, முகம் முகமாகத் தேய்ந்து. அவை வெளியே வந்த பாதைதான் இப்போது நூல் நீட்டிக்கொண்டிருந்த பாதை. மற்ற மூன்று துளைக்கு இல்லாத சுமை தொப்புளுக்கு எங்கே வந்தது என்று இப்போது புரியும். துளையும் பெரிது, உருட்டல் பிரட்டலும் அதிகம், அதுவும் தசையே இல்லாத பழைய தழும்பில்.

போதாக்குறைக்கு அது ஒரு குழி. அமெரிக்காவின் வட கரோலினாவில் 60 பேரின் தொப்புளைத் துடைத்தெடுத்து ஆராய்ந்து, 2012-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 2,368 வகை பாக்டீரியா தேறின. பெரும்பாலானவை ஓரிருவரிடம் மட்டும் இருந்தவை, தீங்கும் இல்லாதவை. ஆனால் அறுத்த புண்ணுக்கு அவை அண்டைவீட்டார் என்பதை மறக்கக் கூடாது. கைகால் புண்ணில் காற்றுப்படும், காயும். தொப்புளில் இரண்டு பக்கத் தோலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வேர்வையும் அழுக்கும் உள்ளேயே தங்கும். சின்னம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது டிசம்பர் முதல் வாரம். இந்தத் தீவில் டிசம்பர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே முதுகு நனையும்.

ஐந்தாம் நாள் கசிந்தது வெளிறிய மஞ்சளில், சோறு வடித்த கஞ்சியைவிடத் தெளிவாக, வாடையில்லாத நீர். பயப்பட ஒன்றுமில்லாத கசிவு அது. புண்ணை ஆற்ற வரும் வெள்ளணுக்களும் புரதங்களும் ரத்தத்திலிருந்து கசியும் நீரோடுதான் வருகின்றன. தொப்புளைச் சுற்றி ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறும் கன்றல், தோலுக்கடியில் நெல்லிக்காய்போல் தட்டுப்படும் கெட்டி, கொஞ்சம் மரத்த உணர்ச்சி, இவையும் முதல் சில வாரங்களுக்குச் சகஜம். விட்டிருந்தால் அது பாட்டுக்கு ஆறியிருக்கும். சின்னம்மா விடவில்லை. மஞ்சள்தூள், அதன்மேல் கோவில் திருநீறு, எல்லாம் ஒட்டிக்கொள்ள இரண்டு சொட்டு நல்லெண்ணெய்.

மஞ்சளின் மகிமையை நான் மறுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அதன் சத்து சில கிருமிகளை அடக்குவது உண்மைதான். ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சள் ஆய்வுக்கூடத்தில் இருப்பதல்ல. நேற்றுத் தாளித்த கரண்டி அதற்குள் போய்வந்திருக்கும். அதைவிட முக்கியம், தூளும் கசிவும் எண்ணெயும் சேர்ந்து குழிக்குள் களிம்பாகி, பிறகு காய்ந்து மூடிபோல் அடைத்துக்கொண்டது. அடியில் ஈரம், மேலே அடைப்பு. கிருமிக்கு இதைவிட நல்ல வீடு யார் கட்டிக் கொடுப்பார்கள்? ஒன்பதாம் நாள் நாறியது.

டிஸ்பென்சரியில் இருந்த நர்ஸம்மா திட்டவில்லை. உப்புநீரை ஊசிக்குழலில் உறிஞ்சிப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார். மஞ்சள் களிம்பு கட்டி கட்டியாக வந்தது. காஸ் துணியின் முனையை முறுக்கி உள்ளே விட்டு ஈரத்தை ஒற்றியெடுத்தார். பஞ்சு வேண்டாம், அதன் இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்றார். வீட்டில் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான்: சோப்பு நீர் மேலே ஓடட்டும், தேய்க்க வேண்டாம், பிறகு நன்றாக ஒற்றி உலர்த்த வேண்டும். பலர் நுரைவரும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுகிறார்கள். நுரை வந்தால் ஏதோ வேலை நடக்கிறது என்று ஒரு திருப்தி. அது கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் செல்களையும் சாகடிக்கிறது.

உண்மையாகவே சீழ் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நாளையும் திசையையும் பார்க்க வேண்டும். தையல் புண்ணின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி நான்காம் நாளுக்கு மேல் திரும்பக் கூடினால், கசிவு கெட்டியாகி நிறம் மாறினால், காய்ச்சல் அடித்தால், தொப்புளைச் சுற்றிய கெட்டி வெளிப்பக்கமாகப் பரவினால் டாக்டரிடம் போய்விட வேண்டும். "சிவந்திருக்கா பாருங்க" என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருத்து, பளபளத்து, புறங்கையை வைத்தால் சுடுகிறதா என்று பார்ப்பதே மேல். சர்க்கரை இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, நுண்குழாய்களில் ஓட்டம் குறைகிறது, நார் பின்னும் வேலையும் தாமதமாகிறது. நம் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. சின்னம்மா அந்த ஐந்தில் ஒருவர்.

இப்போது அந்த ஊதா நூல். மருத்துவமனையில் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. வெளித்தோலை ஒட்டியது பசைதான். அதற்குக் கீழே நார்ச்சவ்வில் போட்ட பெரிய துளையைப் பசையால் மூட முடியாது. 5 மி.மீ. துளையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள், 10 மி.மீ. என்றால் பெரியவர்களுக்கு உள்ளே தைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் குடல் எட்டிப் பார்க்கும். அந்த உள்தையலுக்குப் பயன்படுவது தானாகக் கரையும் நூல். ரத்தத்திலும் சதையிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஊதாச் சாயம் ஏற்றியிருப்பார்கள்.

அதிகம் புழங்கும் பாலிகிளாக்டின் நூலை உடம்பின் ஈரமே மெல்ல மெல்ல உடைக்கிறது. இரண்டு வாரத்தில் அதன் பலம் முக்கால்பங்கு, மூன்றாம் வாரம் பாதி, நான்காம் வாரம் கால்பங்கு. 56 முதல் 70 நாளுக்குள் நூல் இருந்த இடமே தெரியாது. மறுபக்கம் சதை என்ன செய்கிறது? முதல் சில நாள் துப்புரவு வேலை. பிறகு கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அவசர அவசரமாகக் கொட்டிக் குவிக்கிறது. மூன்றாம் வாரத்தில் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும், ஆறாம் வாரத்தில் பாதி. அப்புறம் மாதக்கணக்கில் பழைய நாரைப் பிரித்துப் புதுசாய் முறுக்கிக்கொண்டே இருக்கிறது. எத்தனை வருஷம் போனாலும் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவதில்லை.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம், நான்காம் வாரத்தில் நூல் கையை விட்டுக்கொண்டிருக்கிறது, சதை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் வலியோ சுத்தமாக இருக்காது. வெளித்தோல் ஆறிவிட்டது, ஆளும் தெம்பாக நடமாடுவார், கேஸ் சிலிண்டரைத் தூக்குவார். "ஆறு வாரம் கனம் தூக்காதீங்க" என்று டாக்டர்கள் சொல்வது சும்மா பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் நான் காட்டுவேன்.

நூலில் ஆகத் தடிப்பான பகுதி முடிச்சு. சில சமயம் உடம்பு அதைக் கரைத்து முடிக்கும் பொறுமையில்லாமல், காலில் ஏறிய முள்ளைத் தள்ளுவதுபோல வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளுவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்கு மேல்தான். சின்னம்மாவுக்கு முப்பத்தோராம் நாள் நடந்தது அது. இழுக்கக் கூடாது, மறுமுனை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. டாக்டர் இடுக்கியால் லேசாக உயர்த்தி, கத்தரிக்கோல் முனையால் முடிச்சோடு நறுக்கி எடுத்தார். பார்த்தால் ஒரு எள் அளவு.

நூலின் அடியில் இன்னொன்றும் இருந்தது. மாதுளை முத்துபோலச் சிவப்பாக, ஈரமாக ஒரு சதை மொட்டு. தொட்டால் உடனே ரத்தம். சின்னம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் மனதில் ஓடிய சொல்லை நான் எழுத வேண்டாம். அது வெறும் புதுச்சதை. புண்ணை நிரப்ப வந்த நுண்குழாய்களும் செல்களும், நூலின் உறுத்தலால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வளர்ந்துவிட்டன. இதே மொட்டு கொடி விழுந்த பச்சைக்குழந்தையின் தொப்புளிலும் வருவதுண்டு. பார்த்த அம்மாக்களுக்குத் தெரியும். வைத்தியமும் ஒன்றுதான். தீக்குச்சி மாதிரி நீளமான குச்சியின் நுனியில் வெள்ளி நைட்ரேட். டாக்டர் அதை மொட்டின்மேல் வைத்து உருட்டியதும் சிவப்பு அப்படியே சாம்பல் நிறமானது. "வலிக்கவே இல்லையே!" என்றார் சின்னம்மா. புதுச்சதையில் ரத்தக்குழாய் நிறைய உண்டு, நரம்பு இன்னும் முளைத்திருக்காது. ஐந்தாம் நாள் சருகாக உதிர்ந்தது. அறுபத்திரண்டு வயதில் சின்னம்மாவுக்கு இரண்டாவது முறையாகத் தொப்புள் விழுந்தது என்று வீட்டில் ஒரே கேலி.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. எல்லாம் ஆறி, ஒரு மாதம் கழித்து, தழும்பின்கீழ் சின்னச் சின்னக் கட்டிகள் வந்து உடைந்து, ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடித்தும் மறுபடி ஒழுகினால், காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தக்காரர்களைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரில் வாழும் கிருமிகள் அவை. கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாதபோது புண்ணுக்குள் ஏறிவிடுகின்றன. மெதுவாக வேலை செய்பவை என்பதால் வழக்கமான பரிசோதனையில் சிக்காது. அதற்கென்று தனிப் பரிசோதனையைக் கேட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். மருந்தும் மாதக்கணக்கில். பித்தப்பை கிழிந்து ஒரு கல் வழியில் நழுவித் தங்கியிருந்தாலும் இப்படியே, சில சமயம் வருஷம் கழித்துக்கூட, ஒழுகும். மாதவிலக்கு நாட்களில் மட்டும் தொப்புள் வீங்கி வலித்து ரத்தம் கசிகிறதென்றால் கருப்பை உட்சதையின் துணுக்கு அங்கே வேர்பிடித்திருக்கலாம். இது ஆபரேஷனே செய்யாத பெண்களுக்கும் வருவது. கறுத்த தோல்காரர்களுக்குத் தழும்பு அறுத்த எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் கீலாய்டும் அதிகம். காது குத்திய இடம் உருண்டு திரண்டவர்கள் இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

நான் மனதில் பயந்தது ஹெர்னியாவுக்கு, அதாவது குடலிறக்கத்துக்கு. நார்ச்சவ்வில் மூடாத, அல்லது மூடிப் பிறகு விட்டுப்போன இடைவெளி வழியாக உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ பிதுங்குவது. துளைவழிக் குடலிறக்கங்களில் பெரும்பாலானவை தொப்புளில்தான் வருகின்றன. பருமன், சர்க்கரை, புண்ணில் சீழ் பிடித்தது, ஏற்கெனவே தொப்புள் லேசாகப் புடைத்திருந்தது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். மாதங்கள் கழித்து, ஏன் இரண்டு மூன்று வருஷம் கழித்துக்கூட, இருமினால் எழும்பிப் படுத்தால் அமுங்கும் ஒரு மேடாகத்தான் முதலில் தெரியும். அமுங்கும்வரை அவசரமில்லை, காட்டிக்கொள்ள வேண்டும். அமுங்காமல் கல்லாகி, வலித்து, வாந்தியும் வந்து, காற்றுப் பிரியாமல் போனால் அன்று இரவே ஆஸ்பத்திரி; காலைவரை காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே குடலின் ஒரு பக்கச் சுவர் மட்டும் துளையில் மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது வெளியே மேடுகூடத் தெரியாமல் போகலாம். வாந்தியும் தொப்புள் வலியும்தான் துப்பு.

இனி காவடி. சின்னம்மாவின் காவடி ஆசையைக் கேட்டதும் டாக்டர் கனத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "இருமல் இருக்கா?" என்றார். சின்னம்மாவுக்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல். யாரும் பொருட்படுத்தவில்லை, அவரும்தான். டாக்டர் கணக்குச் சொன்னார்: ஆபரேஷனில் வயிற்றை உப்பவைத்த வாயுவின் அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம். சும்மா நின்றாலே வயிற்றுக்குள் 20 அளவில் இருக்கும். பலமாக ஒரு முறை இருமினால் 100-ஐத் தாண்டிவிடும். பால் செம்பைத் தோளில் வைத்து நடப்பதைவிட, ஒரு நாளைக்கு நாற்பது தடவை இருமுவதுதான் அந்தத் தையலுக்கு எமன். மலச்சிக்கலில் முக்குவதும் அப்படித்தான். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார். வெளியிலிருந்து ஒரு கை தாங்குவது மாதிரி. பிறகு மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். ரத்தக் கொதிப்புக்கு எனாலாப்ரில். அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். வேறு வகைக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் இருமல் போனது. தொப்புளைக் காட்டப் போய் இருமல் குணமானது எங்கள் குடும்பத்தில் இதுவே முதல் தடவை.

தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால், எட்டாவது வாரம், கடைசியாக ஒருமுறை காட்டப் போனோம். சின்னம்மாவை நிற்கவைத்து, தொப்புளின் ஓரத்தில் விரலை அழுத்திக்கொண்டு, "தூசே" என்றார் டாக்டர். கிரியோலில் இருமு என்று அர்த்தம். இத்தனை நாளாக இருமாதே இருமாதே என்று கேட்டுப் பழகிய சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இருமுங்க சின்னம்மா, பரவாயில்ல." இருமினார். விரலுக்கடியில் எதுவும் எழும்பவில்லை. ஆனாலும் காவடி இந்த வருஷம் வேண்டாம், படி ஏறலாம், ஒரு லிட்டர் பால் செம்பு எடுக்கலாம், விரதத்துக்குச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று பேரம் முடிந்தது.

"அப்போ காவடி?" என்றேன் வழியில். "அதான் நீ இருக்கியே" என்றார்.

காத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், தோளில் காவடியோடு இல்லை. ரோஸாப்பூ நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு, செம்பை இடுப்பில் வைக்காமல் தலையில் பிடித்துக்கொண்டு, சின்னம்மா எனக்கு ஆறேழு படி முன்னால் மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் சாம்பிராணிப் புகை தொண்டையில் சிக்கி எனக்குத்தான் இருமல் வந்தது.

"வயித்தைப் புடிச்சுக்கோடா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.